அறிவும் காவலும்: குற்றாலச் சாரலில் ஒரு வரலாற்று நோக்கு

ஜூன் மாதம் பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று இறங்கத் தொடங்கியதும் தென்காசி வட்டாரத்து மக்களின் முகங்கள் மேற்கே திரும்பிவிடுகின்றன. மேகம் எந்த முகட்டில் தங்குகிறது, காற்று எப்பக்கமிருந்து வீசுகிறது என்பவற்றைக் கொண்டே அருவியில் தண்ணீர் எப்பொழுது விழும் என்று கூறவல்ல முதியோர் இன்னும் இருக்கின்றனர். அதே ஜூன் மாதத்தில்தான் நம் சபைகள் பலவற்றில் சுற்றுச்சூழல் ஞாயிறும் அனுசரிக்கப்படுகிறது. அன்று நாம் செய்யும் பிரசங்கங்களுக்குப் பெரும்பாலும் ஒரே எண்ணமே அடிப்படையாக அமைகிறது. மக்கள் அறியாமையால் இயற்கையைக் கெடுக்கின்றனர், அறிவு புகட்டினால் கெடுதல் நின்றுவிடும் என்பதே அவ்வெண்ணம். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே பிரசங்கித்தேன். வகுப்பறையிலும் அவ்வாறே போதித்தேன். ஆனால், இவ்வட்டாரத்தின் வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்கியபின் அது எனக்கு ஐயத்திற்குரியதாயிற்று. இங்கே அறிவுக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. அறிந்தவர்கள் காத்தார்களா, காத்தவர்கள் எதனால் காத்தார்கள் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இக்கேள்வி இறையியல் மாணவருக்குப் புறம்பானதன்று. 1967-ஆம் ஆண்டில் லின் வைட் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர், இன்றைய சூழல் நெருக்கடிக்கு மேலை நாட்டுக் கிறிஸ்தவத்தின் படைப்புக் கொள்கையே வேர் என்று குற்றஞ்சாட்டியது முதல், நாம் ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களையும் புரட்டிப் புரட்டி விடை கூறி வருகிறோம். அவ்விடைகளில் தவறில்லை. ஆனால் விவாதம் முழுவதும் நூல்களின் மட்டத்திலேயே நின்றுவிட்டது. ஒரு மலையடிவாரத்தில் மக்கள் எதை அறிந்திருந்தனர், அந்த அறிவை வைத்து என்ன செய்தனர் என்று கேட்பதில்தான் வரலாறு நமக்குத் துணைபுரியக்கூடும்.

வேடன் அறிந்த பறவைகள்

குற்றாலத்தைப் பற்றி எழுத முற்படும் எவரும் திரிகூடராசப்பக் கவிராயரைத் தாண்டிச் செல்ல இயலாது. தென்காசியை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த அவர், 18-ஆம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சியை இயற்றினார். மதுரையை ஆண்ட முத்துவிஜயரங்கச் சொக்கநாத நாயக்கர் அதற்குப் பரிசாக அளித்த நிலம் 'குறவஞ்சி மேடு' என்று வழங்கப்பெற்றது. அந்நூலைச் சிருங்கார நூல் என்று ஒதுக்கிவிடுவது நம்மில் சிலரது வழக்கம். அது பெரும் இழப்பு. மலையில் விளைவன, மரங்களில் வாழ்வன, அருவி விழும் விதம், மலைவாழ் மக்களின் தொழில் ஆகிய யாவும் அதில் ஒரு குறத்தியின் வாய்மொழியாக வந்து நிற்கின்றன. நூலின் பிற்பகுதியில் சிங்கன் பறவை பிடிக்க வருகிறான். வயல்களில் இறங்கும் பறவைகளின் பெயர்களையும், அவை மேயும் நிலங்களின் பெயர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறான்.

ஈண்டு நான் கவனிக்க வேண்டுவது இதுதான். அந்நூலில் பறவைகளைப் பற்றிய நுட்பமான அறிவைத் தாங்கி நிற்பவன் அவற்றைப் பாதுகாப்பவன் அல்லன். கண்ணி வைத்துப் பிடிப்பவன். எந்தப் பறவை எந்த வயலில் எந்நேரம் இறங்கும் என்பதை அவன் அறிந்திருப்பதற்குக் காரணம் அவனுடைய வயிறு. இதை நாம் இழிவாகக் கருத வேண்டியதில்லை. உலகெங்கும் இயற்கையைப் பற்றிய கூரிய அறிவு முதலில் வேட்டையாடுவோரிடமும் உணவு திரட்டுவோரிடமுமே தோன்றியது. ஆயினும், அறிவு பெருகினால் அன்பு பெருகும் என்று நாம் எளிதில் சொல்லிவிடும் வாய்பாடு இங்கேயே தடுமாறுகிறது.

அதே மலைத்தொடரில் இதற்கு மாறான ஒரு வழக்கமும் உண்டு. வாசுதேவநல்லூரை அடுத்த தலையணை முதலிய இடங்களில் வாழும் பளியர், தேனும் கிழங்கும் திரட்டி வாழ்ந்த மக்கள். காட்டுக் கிழங்கைத் தோண்டுகையில் முழுவதையும் எடுத்துவிடாமல், கொடியின் தலைப்பகுதியை மீண்டும் மண்ணில் புதைத்துவிட்டு வருவது மேற்குமலைப் பழங்குடியினரிடையே காணப்படும் பழக்கம். அடுத்த ஆண்டும் அதே இடத்திற்கு வருவோம் என்னும் நம்பிக்கை உள்ளவனே இதைச் செய்வான். சிங்கனுக்கும் இவர்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அறிவின் அளவில் இல்லை. திரும்பி வரும் உரிமை உண்டா இல்லையா என்பதில்தான் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின்பின் காடுகள் ஒதுக்கப்பட்ட காடுகளாயின. சிறு வனப்பொருட்கள் ஏலத்திற்கு வந்தன. காட்டில் பிறந்தவன் குத்தகைதாரருக்காகத் தேன் எடுக்கும் கூலியானான். அறிவு அவனிடமே இருந்தது. அடுத்த ஆண்டு மட்டும் அவன் கையைவிட்டுப் போயிற்று. 2006-இல் பாராளுமன்றம் இயற்றிய வன உரிமைச் சட்டம் இந்த அநீதியைத் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது.

மிஷனெரிமாரும் மூலிகைகளும்

நம் முன்னோர் இவ்வரலாற்றில் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த மருத்துவராக 1768-இல் வந்த யோகான் கெர்ஹார்ட் கேனிக், செடிகொடிகளை வகைப்படுத்தும் முறையை வகுத்த லின்னேயுசின் மாணவர். அவரைத் தொடர்ந்து யான், ரொட்லர், கிளைன் ஆகியோர் ஊழியத்தோடு தாவர ஆராய்ச்சியையும் மேற்கொண்டனர். ரொட்லர் ஐயரை நாம் பெரும்பாலும் தமிழ் அகராதியின் ஆசிரியராகவே அறிவோம். அவர் 1836-இல் காலமாகும்வரை சேகரித்து உலர்த்திய செடிகளோ இன்று இங்கிலாந்திலுள்ள கியூ தோட்டத்து உலர்தாவரக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரே மனிதர் ஒரு மொழியின் சொற்களையும் அதன் நிலத்துச் செடிகளையும் ஒருசேரத் திரட்டினார் என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது. இறையியல் கல்லூரிகளில் ரொட்லரைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டாம் பாதியை நாம் ஏன் விட்டுவிடுகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

குற்றாலத்துக்குக் கும்பினியாரின் தாவர ஆர்வம் வேறொரு வழியில் வந்தது. 1796-இல் ஆங்கிலேயர் மொலுக்கத் தீவுகளைக் கைப்பற்றியபின், அங்கிருந்து சாதிக்காய், கிராம்பு முதலிய வாசனைப் பயிர்கள் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றை நட்டு வளர்க்கத் தெரிந்தெடுத்த இடங்களுள் குற்றாலமும் ஒன்று. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 500 அடிக்கு மேல் மட்டுமே அமைந்த ஓர் ஊரில், மலைச் சாரலின் ஈரமும் குளிர்ச்சியும் கிடைத்ததே காரணம். சீசன் நாட்களில் குற்றாலக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கி உண்போர், அயல்நாட்டுக் கனிமரங்கள் இம்மலையில் வேரூன்றிய கதையின் ஒரு சுளையையும் சேர்த்தே உண்கின்றனர்.

1834-க்குப் பின் பாளையங்கோட்டையில் படை மருத்துவராகப் பணியாற்றிய ராபர்ட் வைட், குற்றால மலையின் தாவரச் செழுமையில் மனத்தைப் பறிகொடுத்தவர். ரங்கையா, கோவிந்து என்னும் இரு இந்திய ஓவியர் அவருக்காக வரைந்த படங்கள் 1838 முதல் 1853 வரை வெளிவந்த அவருடைய பெருந்தொகுதிகளை அணிசெய்கின்றன. அவருடைய உழைப்பை எவரும் குறைகூற முடியாது. ஆனால் இந்த அறிவு எதற்குப் பயன்பட்டது? எங்கே பருத்தி விளையும், எங்கே வாசனைப் பயிர் விளையும், எந்த மரம் எதற்கு உதவும் என்னும் கணக்கிற்கே பெரிதும் பயன்பட்டது. வைட் அவர்களே பின்னாளில் அரசின் பருத்திப் பயிர் முயற்சிக்குத் தலைமை தாங்கினார். மலையேறி வழிகாட்டியவர்களுக்கும் செடியின் பெயரைச் சொன்னவர்களுக்கும் ஓவியருக்குக் கிடைத்த இடங்கூடக் கிடைக்கவில்லை.

இதற்கு ஒரு பிற்கால நிகழ்ச்சியை இணைத்துப் பார்க்கலாம். 1987-இல், அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் ஆய்வுக்குச் சென்ற விஞ்ஞானிகள் களைத்துப்போயினர். உடன் வந்த காணிக்காரர் மட்டும் ஒரு சிறு காயை மென்றுகொண்டு களைப்பின்றி நடந்தனர். அச்செடியின் காணிப் பெயர் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்து செய்யப்பட்டது. 1995-இல் அதன் உரிமம் விற்கப்பட்டது. வருவாயில் ஒரு பங்கு காணி மக்களுக்கு என்று ஒப்புக்கொள்ளப்பட்டு, 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. உலகமே இதனை நல்ல முன்மாதிரி என்று பாராட்டியது. எனினும் அதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். விலை ஏற்பட்டதும் காட்டிலிருந்து செடியைப் பிடுங்கும் ஆசையும் ஏற்பட்டது. வனத்துறையினர் அஞ்சித் தடுத்தபொழுது, பயிரிட விரும்பிய காணிக் குடும்பங்களும் அத்தடைக்குள் அகப்பட்டன. தலைமுறை தலைமுறையாக எவருக்கும் சொல்லாமல் வைத்திருந்த ஓர் அறிவு வெளிப்பட்ட அன்றே அச்செடிக்கு ஆபத்தும் தொடங்கிற்று எனலாம்.

மடையும் முறையும்

காடு இருக்கட்டும். இவ்வட்டாரத்தில் அறிவும் காவலும் மெய்யாகவே ஒன்றாயிருந்த ஓர் இடத்தைக் கூற வேண்டுமானால் நான் சிற்றாற்றின் கால்வாய்களையே கூறுவேன். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, ஐந்தருவியாறு, அனுமன் நதி முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டு, அணைக்கட்டு அணைக்கட்டாகக் குளங்களுக்கு நீரைப் பகிர்ந்து, கடைசியில் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. கார், பிசானம் என்னும் இரு போகங்களும் இந்நீரை நம்பியவை. எந்த மடையை எந்நாளில் எத்தனை நாழிகை திறக்கவேண்டும் என்பதை அறிந்தவர் மடைக்குடும்பன், நீர்ப்பாய்ச்சி என்று அழைக்கப்பெற்ற ஊழியர். இவர்களுள் பெரும்பாலார் ஊரின் நிலவுடைமையாளர் அல்லர், நிலமற்ற சாதியினரே. அவர்களுடைய நீரறிவின்றி மேற்சாதியாரின் நஞ்சைகள் ஒரு போகமும் விளைந்திரா.

இங்கே அறிவு தனியே நிற்கவில்லை. அதற்கு ஒரு கூலி இருந்தது, களத்தில் ஒரு பங்கு இருந்தது, தவறினால் கேட்பவர் இருந்தனர். குளத்தைத் தூர்வாரக் குடிகள் கூடி உழைத்த குடிமராமத்து முறையும் இத்தகையதே. அதனைப் பொற்காலமாக வருணிப்பவரோடு நான் உடன்படேன். கடைசி மண்வெட்டியைப் பிடித்தவன் யார், வரப்பில் நின்று ஏவியவன் யார் என்று கேட்டால் பொன் மங்கிவிடும். ஆயினும் அம்முறை தளர்ந்தபின், 1858-இல் சென்னை அரசு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி அதனை உயிர்ப்பிக்க முயன்றது நினைக்கத்தக்கது. வழக்கமாக இருந்தது சட்டமாகியபோது மக்கள் அதிலிருந்து விலகினர். பொதுப்பணித் துறை வந்தது. குளம் 'நமது' என்பது போய்ச் 'சர்க்காருடையது' ஆயிற்று. மடையைப் பற்றிய அறிவு மறைய இன்னும் மூன்று நான்கு தலைமுறைகள் பிடித்தன. பொறுப்பு முதலில் போயிற்று. அறிவு அதன் பின்னே போயிற்று. இந்த வரிசையை நம் மாணவர்கள் கவனிக்கவேண்டும். நாம் அறிவு போனதால் பொறுப்புப் போயிற்று என்று தலைகீழாகக் கூறிவருகிறோம்.

நெல்லைச் சீமையின் தென்பகுதியில் கூந்தன்குளம் இதற்கு உயிருள்ள சான்று. அங்கே கூழைக்கடாக்களும் நாரைகளும் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அவ்வூரார் பறவை நூல் கற்றவர் அல்லர். பறவைகளின் எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு எருவாகின்றன. பறவை வந்தால் ஊருக்கு நன்மை என்று பெரியோர் நம்பினர். கீழே விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்தனர். தீபாவளிக்கு வெடி வெடிப்பதையும் விட்டனர். 1994-இல் அரசு அதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. காவல் முன்னே இருந்தது. அறிவிப்புப் பின்னே வந்தது.

இவ்விடத்தில் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் விட இயலாது. 19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் கிராமம் கிராமமாக மக்கள் நற்செய்தியை ஏற்றபொழுது, பேய்க்கோயில்கள் பல ஜெபவீடுகளாக மாறின. ரேனியஸ் ஐயர் காலத்து வரலாறு இத்தகைய செய்திகளால் நிறைந்தது. அச்சத்திலிருந்து மக்கள் பெற்ற விடுதலையை நான் சிறிதும் குறைத்துப் பேசேன். அதே ரேனியஸ் ஐயர் 1832-இல் தமிழில் பூமி சாஸ்திர நூலும் எழுதி வெளியிட்டார். மரத்திற்கு அஞ்சிய மக்களுக்கு உலகப் படத்தையே விரித்துக் காட்டினார். ஆனால் தெய்வம் குடியிருப்பதாகக் கருதி எவரும் கை வைக்காதிருந்த மரத்தை, அச்சம் நீங்கியபின் எக்காரணம் பற்றி விட்டுவைப்பது? அச்சத்தின் இடத்தில் நாம் எதை நட்டோம்? சாமுவேல் வேதநாயகம் பிள்ளை, கிருஷ்ணபிள்ளை என்று நம் இலக்கியச் செல்வங்களை எண்ணி மகிழும் நாம், நம் சபைகளின் குளக்கரை ஒழுங்குகள் என்று ஒன்றையும் எண்ணிக் காட்ட இயலாதிருக்கிறோம்.

அருவிக்கரையில்

குற்றாலத்தின் இன்றைய நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை. சீசனில் சென்று வந்தோர் அறிவர். எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றை அருவிகளில் பயன்படுத்தலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014-இல் ஆணையிட்டது. மலையோடைகளின் நீரைத் திருப்பிச் செயற்கை அருவிகள் அமைத்த தங்கும் விடுதிகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு 2022-இல் அதே நீதிமன்றம் கட்டளையிட நேர்ந்தது. விடுதி கட்டியவருக்கு ஓடையின் போக்குத் தெரியாமலா திருப்பினார்? மிக நன்றாகத் தெரிந்ததனால்தான் திருப்ப முடிந்தது.

2024 மே 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் இறங்கி ஓர் இளைஞனின் உயிரைக் கொண்டுபோயிற்று. சீசன் இன்னும் தொடங்காத காலம். மலைமேல் பெய்த கோடை மழை கீழே நீராடுவோர் கண்ணுக்குப் புலப்படாது. நீர் கலங்கிச் செந்நிறமாகி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் அக்கணமே கரையேறவேண்டும் என்பது அடிவாரத்துப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த பாடம். வெளியூரார்க்கு அதைச் சொல்வோர் இல்லை. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி நீர் விழுந்தால் தடை என்பது நிர்வாகத்தின் ஏற்பாடு, அது வேண்டியதே. ஆனால் சருகைப் பார்க்கும் கண் வேறு, வளைவைப் பார்க்கும் கண் வேறு.

இனி என் சொந்தக் குறை ஒன்றைச் சொல்லி இக்கட்டுரையை நிறுத்துகிறேன். பல்லாண்டுகளுக்குமுன் இவ்வட்டாரத்தில் ஒரு சிறு சபையின் குருவானவராயிருந்தேன். கூட்ட மண்டபம் ஒன்று கட்டத் தீர்மானித்து, வளாகத்தின் கீழ்க்கோடியில் இடம் குறித்தோம். கமிட்டியில் மூப்பர் ஒருவர், அதிகம் பேசாதவர், எழுந்து, "ஐயரவாள், அது பழைய ஓடைக்கால். இப்போ தண்ணி வராது, ஆனா அதுக்கு வழி மறக்காது" என்றார். தகப்பன் வழியாக மடை பார்த்த குடும்பம் அவருடையது. அவருடைய கூற்றை நடவடிக்கைக் குறிப்பில் முறையாக எழுதிக்கொண்டோம். பின்பு திட்டத்தை ஏகமனதாக நிறைவேற்றினோம். ஓரத்தில் நின்ற மருதமரமும் வெட்டப்பட்டது. அந்த மூப்பரும் கைதூக்கியவர்களுள் ஒருவர். அவரை நான் பின்னொருநாள் இதுபற்றிக் கேட்டபோது, அவர் தம் ஓடைக்கரை நஞ்சையையும் அதற்கு முந்திய ஆண்டிலேயே மனைகளாக விற்றுவிட்டிருந்தார் என்று தெரிந்தது. "தண்ணி எனக்குத் தெரியும் ஐயா. வட்டியும் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் ஆண்டு ஐப்பசியில், ஒரு சனிக்கிழமை இரவு மழை வலுத்தது. ஞாயிறு விடியுமுன் மண்டபத்துள் முழங்காலளவு நீர். பாய்களும் பாட்டுப் புத்தகங்களும் மிதந்தன. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு செய்வதறியாது வாசலில் நின்றேன். அம்மூப்பர் மண்வெட்டியோடு வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே கீழ்மதிலண்டை சென்று, இருட்டிலேயே ஓரிடத்தைக் காலால் தட்டிப் பார்த்து, அடிக்கல்லைப் பெயர்த்தார். நீர் அவ்வழியே இரைச்சலோடு இறங்கிச் சென்றது.